கல்விசார் நூலகங்களில் அறிவியல் நூல் வழங்குநர் தேர்வு

நூல் வழங்குநர் தேர்வு என்பது பல்கலைக்கழகங்கள், கல்லூரிகள், ஆய்வு நிறுவனங்கள் ஆகியவற்றின் நூலகங்கள் தமக்கு வேண்டிய நூல்களை எந்த விற்பனை முகவர் வழியாக வாங்குவது என்று முடிவு செய்யும் நடைமுறை ஆகும். நூலகவியலில் இது சேகரிப்புப் பணியின் ஒரு பகுதியாகக் கருதப்படுகிறது. பொது நூலகத்துக்கு வாங்கப்படும் புதினங்களையோ பாடநூல்களையோ போலன்றி, சிறப்புத்துறை அறிவியல் நூல்கள் குறைந்த படிகளே அச்சிடப்படுபவை, விலை மிகுந்தவை, பல நாடுகளில் சிதறிக் கிடக்கும் பதிப்பகங்களிலிருந்தும் அறிவியல் சங்கங்களிலிருந்தும் வருபவை. எனவே இத்தேர்வில் விலைக்கழிவு மட்டும் முடிவுசெய்யும் காரணியாக இருப்பதில்லை. கிடைத்தற்கு அரிய நூலைத் தேடிப்பிடித்துத் தருபவரா, பத்தாண்டுகளுக்குப் பின்னும் தொழிலில் இருப்பாரா என்ற இரு கேள்விகளும் அதே அளவுக்கு முக்கியமானவை. இந்நடைமுறை வட அமெரிக்காவிலேயே மிக விரிவாக வளர்ந்ததால் இக்கட்டுரை பெரும்பாலும் அங்குள்ள நிலையை விளக்குகிறது.

வழங்குநரின் தேவை

ஓர் ஆய்வு நூலகம் ஓராண்டில் வாங்கும் நூல்கள் நூற்றுக்கணக்கான பதிப்பகங்களைச் சேர்ந்தவை. ஒவ்வொரு பதிப்பகத்துக்கும் தனித்தனியே ஆணை அனுப்பி, தனித்தனியே பணம் செலுத்தி, வராத நூல்களுக்கு நினைவூட்டல் எழுதுவதானால் நூலின் விலையைவிட அலுவலகச் செலவு மிகுந்துவிடும். வழங்குநர் இவை அனைத்தையும் ஒன்றுதிரட்டி ஒரே பில்லில் தருகிறார். அத்துடன் பட்டியல் பதிவு, முதுகு ஒட்டி, பட்டைக்குறி, திருட்டுத் தடுப்புப் பட்டை ஆகியவற்றை முன்கூட்டியே இணைத்து, பெட்டியிலிருந்து எடுத்து நேரே அடுக்கில் வைக்கும் நிலையில் நூலை அனுப்பும் சேவையும் உண்டு. இது அடுக்குக்கு அணியமான நூல் வழங்கல் எனப்படும்.

இக்காரணங்களால் வழங்குநர் வெறும் கடைக்காரர் அல்லர். நூலகத்தின் கணினி அமைப்புடன் அவருடைய கணினி அமைப்பு பிணைக்கப்படுகிறது. ஆணைகளும் பில்களும் எக்ஸ் 12, எடிஃபாக்ட் போன்ற மின்தரவுப் பரிமாற்றச் சீர்தரங்கள் வழியே செல்கின்றன. ஒருமுறை இப்பிணைப்பை ஏற்படுத்தியபின் வேறொருவருக்கு மாறுவது எளிதன்று.

வரலாறு

இரண்டாம் உலகப் போரின்போது ஐரோப்பிய நூல்கள் அமெரிக்க நூலகங்களுக்கு வந்துசேர்வது தடைப்பட்டது. அப்பட்டறிவின் அடிப்படையில் 1948இல் ஃபார்மிங்டன் திட்டம் தொடங்கப்பட்டது. அமெரிக்க ஆய்வு நூலகங்கள் துறைகளைத் தமக்குள் பங்கிட்டுக்கொண்டு, வெளிநாடுகளில் முகவர்களை அமர்த்தி, அந்நாடுகளில் வெளியாகும் ஆய்வுத் தகுதி உடைய நூல்களில் ஒரு படியாவது அமெரிக்காவை அடையச் செய்தன. 1972 வரை இத்திட்டம் நீடித்தது. நூலைத் தேர்ந்தெடுக்கும் முதல் பொறுப்பை முகவரிடம் விடலாம் என்ற எண்ணம் இதனால் நூலகங்களுக்குப் பழகியது.

இவ்வெண்ணத்தைப் பெருந்தொழிலாக்கியவர் ரிச்சர்டு ஏபெல். ஓரிகன் மாநிலம் போர்ட்லாந்தில் உள்ள ரீடு கல்லூரியின் புத்தகக் கடையிலிருந்து தொடங்கிய இவர், 1960களில் தம் பெயரிலான நிறுவனத்தின் வழியாக ஒப்புதல் திட்டம் என்னும் முறையைப் பரப்பினார். இதன்படி, நூலகம் முன்கூட்டியே எழுதிக்கொடுத்த தேவை விவரத்துக்குப் பொருந்தும் புதிய நூல்கள் ஆணை இல்லாமலே அனுப்பப்படும். நூலகர்கள் நூலைக் கையில் எடுத்துப் பார்த்து, வேண்டியதை வைத்துக்கொண்டு, மற்றதைத் திருப்பி அனுப்பலாம். உயர்கல்விக்குப் பணம் தாராளமாக வந்துகொண்டிருந்த காலம் அது. ஆணை எழுத ஆள் போதாத பல்கலைக்கழகங்கள் இத்திட்டத்தை விரும்பி ஏற்றன.

பின்னர் நிதி ஒதுக்கீடுகள் குறைந்தன. பெரும் நூல் இருப்பு, கணினிமயமாக்கச் செலவு, விரைவான விரிவாக்கம் ஆகியவற்றைத் தாங்க இயலாமல் ஏபெல் நிறுவனம் 1974இல் வீழ்ந்தது. அதை ஆக்சுபோர்டின் பிளாக்வெல் நிறுவனம் வாங்கி, 1975 முதல் பிளாக்வெல் வட அமெரிக்கா என்ற பெயரில் நடத்தியது. முறை பிழைத்தது; அதை உருவாக்கிய நிறுவனம் பிழைக்கவில்லை. வழங்குநரின் நிதிநிலையைக் கேட்டறிவது தேர்வின் ஒரு கட்டாயப் பகுதியாக மாறியதற்கு இந்நிகழ்வு ஒரு முதன்மைக் காரணம்.

1971இல் நியூ ஆம்ப்சயர் மாநிலத்தில் தொடங்கிய யாங்கி புக் பெட்லர் நிறுவனம், கனடாவின் கவுட்சு நிறுவனம் ஆகியவை பிளாக்வெல்லுக்குப் போட்டியாக வளர்ந்தன. முன்னதன் கோபி என்னும் இணையவழித் தேர்வுத் தளமும் பின்னதன் ஒயாசிசு தளமும் அச்சிட்ட அறிவிப்புச் சீட்டுகளின் இடத்தைப் பிடித்தன.

தேவை விவரம் எழுதுதல்

ஒப்புதல் திட்டத்தின் உயிர் தேவை விவரத்தில் இருக்கிறது. அமெரிக்காவில் இது பெரும்பாலும் காங்கிரசு நூலகப் பகுப்புமுறையைப் பின்பற்றி எழுதப்படுகிறது. அம்முறையில் கியூ என்ற எழுத்து அறிவியலைக் குறிக்கும். கியூஏ கணிதம், கியூசி இயற்பியல், கியூடி வேதியியல், கியூகே தாவரவியல். கணினி நிரலில் வடிகட்டி விதிகள் எழுதுவதைப் போன்றதே இவ்வேலை. விதி தளர்ந்தால் வேண்டாதவை வந்து குவியும், இறுகினால் வேண்டியவை வாராமல் போகும்.

பொருட்பகுப்பு மட்டும் போதாது என்பதற்குக் கியூஏ 76 என்னும் கணினியியல் பகுப்பு நல்ல எடுத்துக்காட்டு. படிமுறைத் தீர்வுகளின் சிக்கலளவு பற்றிய ஆய்வுநூலும், ஏதோ ஒரு மென்பொருளின் புதிய பதிப்புக்கான பயனர் கையேடும் அதே பகுப்பில்தான் விழுகின்றன. முன்னது முப்பது ஆண்டுகள் பயன்படும், பின்னது மூன்று ஆண்டுகளில் பழையதாகிவிடும். ஆகவே கல்வி நிலை, பதிப்பகம், மொழி, கட்டமைப்பு, விலை உச்சவரம்பு, நூல் வகை முதலிய பொருள்சாராக் கூறுகளும் சேர்க்கப்படுகின்றன. மாநாட்டுக் கட்டுரைத் தொகுப்புகள் வேண்டுமா, பல ஆசிரியர்களின் கட்டுரைகளைத் திரட்டிய நூல்கள் வேண்டுமா, மறுபதிப்புகள் வேண்டுமா என்பவை அறிவியல் நூலகம் தனித்தனியே விடையளிக்க வேண்டிய கேள்விகள்.

உயிர்த்தகவலியல், பொருளறிவியல் போன்ற இடைத்துறைகள் தொல்லை தருபவை. ஒரு நூல் உயிரியலில் பகுக்கப்படுவதா, கணினியியலில் பகுக்கப்படுவதா, மருத்துவத்திலா என்பது நூலைக் கையில் வைத்துப் பார்க்கும் வழங்குநரின் பணியாளரைப் பொறுத்தது. அவர் அத்துறையை அறிந்தவரா என்பதை நூலகம் கேட்டாக வேண்டும். வந்த நூல்களில் பத்து விழுக்காட்டுக்கு மேல் திருப்பி அனுப்பப்பட்டால் தேவை விவரத்தைத் திருத்த வேண்டும் என்பது நடைமுறையில் உள்ள ஒரு பொது அளவுகோல். திருப்பி அனுப்புதல் மிகக் குறைவாக இருப்பதும் எப்போதும் நற்குறி அன்று. வந்த நூல்களை யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை என்பதன் அடையாளமாகவும் அது இருக்கலாம்.

அறிவியல் நூல்களுக்கே உரிய சிக்கல்கள்

பெரிய வணிகப் பதிப்பகங்களின் நூல்களை எந்த வழங்குநரும் தந்துவிடுவார். வேறுபாடு அறிவியல் சங்கங்களின் வெளியீடுகளில்தான் தெரியும். அமெரிக்கக் கணிதக் கழகம், இலண்டன் நிலவியல் கழகம், அரச வேதியியல் கழகம் போன்றவை தாமே நூல் வெளியிடுபவை. இவற்றைவிடச் சிறிய சங்கங்கள், ஆய்வகங்கள், அருங்காட்சியகங்கள் வெளியிடும் நூல்கள் சில நூறு படிகளே அச்சாகின்றன. இவை வணிகப் பட்டியல்களில் இடம்பெறுவதில்லை. முன்பணம் இன்றி அனுப்பமாட்டோம் என்பார்கள். விற்பனையாளருக்குக் கழிவும் தரமாட்டார்கள். ஒரு பூச்சியினக் குடும்பத்தின் வகைப்பாட்டு நூல் வெளியான ஆண்டிலேயே வாங்கப்படவில்லை என்றால் பின்னர் பழைய புத்தகச் சந்தையில் தேட வேண்டியதுதான்.

இரண்டாவது சிக்கல் தொடர்வரிசைகள். 1964இல் தொடங்கிய கணித விரிவுரைக் குறிப்புகள், 1973இல் தொடங்கிய கணினியியல் விரிவுரைக் குறிப்புகள் ஆகிய சுபிரிங்கர் வரிசைகளும், 1955 முதல் வெளிவரும் நொதியியல் முறைகள் என்ற வரிசையும் பாதி நூல், பாதி பருவ இதழ் என்ற நிலையில் இருப்பவை. வரிசை முழுவதையும் அனுப்புமாறு நிலையாணை கொடுத்துவிட்ட நூலகத்துக்கு, அதே வரிசையின் ஒரு தொகுதி தனி நூல் என்ற பெயரில் ஒப்புதல் திட்டத்தின் வழியாகவும் வந்துசேரும். நிலையாணை ஒருவரிடமும் ஒப்புதல் திட்டம் வேறொருவரிடமும் இருந்தால் இந்த இரட்டிப்பைத் தடுப்பது கடினம். பல நூலகங்கள் இரண்டையும் ஒரே வழங்குநரிடம் ஒப்படைப்பதற்கு இதுவே காரணம்.

பன்னாட்டுத் தரப்புத்தக எண்ணை வைத்துக் கணினி இரட்டிப்பைக் கண்டுபிடித்துவிடும் என்று எண்ணத் தோன்றும். ஆனால் ஒரே நூலின் கெட்டி அட்டை, மெல்லட்டை, மின்னூல் வடிவங்கள் வெவ்வேறு எண்கள் உடையவை. இரு நாடுகளில் இரு பதிப்பகங்கள் இணைந்து வெளியிட்டால் அப்போதும் எண் மாறும். எண் பொருந்துகிறதா என்று மட்டும் பார்க்கும் நிரல் இவற்றை வெவ்வேறு நூல்கள் என்றே கொள்ளும். படைப்பு அளவில் ஒன்றுபடுத்திப் பார்க்கும் தரவுத்தளம் வழங்குநரிடம் உண்டா என்பது ஒப்பந்தத்துக்கு முன்பே சோதிக்கத்தக்கது.

கழிவின் கணக்கு

பொதுவாசிப்பு நூல்களுக்குப் பதிப்பகங்கள் விற்பனையாளருக்குக் கூடுதல் கழிவு தருகின்றன. அறிவியல், தொழினுட்ப நூல்களுக்குக் குறைந்த கழிவே கிடைக்கும். இந்த ஒரு வேறுபாட்டை மறந்துவிட்டு, எல்லா நூல்களுக்கும் ஒரே விழுக்காட்டைக் கேட்கும் நூலகம் தனக்குத் தானே தீங்கு செய்துகொள்கிறது.

எளிய கற்பனைக் கணக்கு ஒன்றால் இதை விளக்கலாம். 150 டாலர் விலையுள்ள அறிவியல் நூலுக்குப் பதிப்பகம் 20 விழுக்காடு கழிவு தந்தால் வழங்குநருக்கு அது 120 டாலருக்குக் கிடைக்கும். அவர் நூலகத்துக்கு 18 விழுக்காடு தருவதாக ஒப்புக்கொண்டிருந்தால் 123 டாலருக்கு விற்க வேண்டும். எஞ்சுவது 3 டாலர். 40 விழுக்காடு கழிவில் 18 டாலருக்குக் கிடைத்த 30 டாலர் பொது நூலை அதே ஒப்பந்தப்படி 24.60 டாலருக்கு விற்றால் 6.60 டாலர் எஞ்சும். ஆக, ஐந்து மடங்கு விலையுள்ள நூலில் பாதி வருவாய்கூட இல்லை. தேடல், கடிதப் போக்குவரத்து, அனுப்பும் செலவு எல்லாம் அந்த 3 டாலருக்குள் அடங்க வேண்டும். இந்நிலையில் வழங்குநர் அரிய நூலைத் தேடி அலைவதைவிட, கிடைக்கவில்லை என்று பதில் எழுதிவிடுவது அவருக்கு இலாபம்.

எனவே பட்டறிவுள்ள நூலகங்கள் ஒப்பந்தப்புள்ளி கோரும்போது முந்தைய ஆண்டில் தாம் உண்மையில் வாங்கிய நூல்களின் பதிப்பக வாரியான பட்டியலை இணைத்து, அதன்மீது விலை கூறுமாறு கேட்கின்றன. கழிவே தராத சங்கங்களின் நூல்களுக்குச் சேவைக்கட்டணம் வாங்கிக்கொள்ளவும் இசைகின்றன. கழிவு விழுக்காட்டை ஒன்றிரண்டு குறைத்துக்கொண்டு அந்நூல்கள் வந்துசேர்வதை உறுதிசெய்துகொள்வது மொத்தத்தில் மலிவு.

மதிப்பிடும் முறை

அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் முறையான கோரிக்கை ஆவணம் வெளியிட்டு, சேகரிப்பு நூலகர், பட்டியலாக்குநர், துறைசார் நூலகர்கள், கணினிப் பணியாளர், கொள்முதல் அலுவலர் ஆகியோர் அடங்கிய குழுவின் மூலம் தேர்வு செய்கின்றன. மதிப்பெண்கள் எவ்வாறு பிரிக்கப்படும் என்பது முன்பே அறிவிக்கப்படும். கொள்முதல் அலுவலகம் நாற்காலி வாங்கிய அதே படிவத்தில் நூலையும் வாங்க முற்படுவதால் விலைக்குப் பெருமதிப்பெண் ஒதுக்கப்படுவதும், நூலகர்கள் அதை எதிர்த்து வாதிடுவதும் வழக்கம்.

ஆவணத்தில் எழுதப்படும் உறுதிமொழிகளைவிடச் சோதனை ஆணை நம்பத்தக்கது. கடினமான நூல்களை வேண்டுமென்றே கலந்து ஒரு பட்டியல் உருவாக்கி, அதை ஏதும் சார்பின்றிப் பிரித்து இரு வழங்குநர்களுக்கு அனுப்பி, மூன்று மாதங்களில் எத்தனை வந்தன, எத்தனை தவறான பதிப்பாக வந்தன, பில்லில் எத்தனை பிழை என்று எண்ணுவது இதன் முறை. வாராத நூல்களுக்குக் கூறப்பட்ட காரணத்தையும் சரிபார்க்க வேண்டும். அச்சில் இல்லை என்று வழங்குநர் எழுதிய நூலைப் பதிப்பகத்திடம் நேரில் கேட்டால் உடனே கிடைப்பது நூலகர்கள் நன்கு அறிந்த நிகழ்வு. இத்தகைய பொய்யறிக்கைகளின் எண்ணிக்கை வழங்குநரின் தரத்தைக் கழிவு விழுக்காட்டைவிடத் தெளிவாகக் காட்டும்.

மருத்துவ நூலகங்களில் தேர்வு சற்று மாறுபடும். அங்கே பழைய பதிப்பு பயனற்றது என்பதோடு நில்லாமல் இடர் விளைவிக்கவும் கூடும் என்பதால், புதிய பதிப்பு வெளியானவுடன் தாமாக அனுப்பும் திறன் முதலில் பார்க்கப்படுகிறது. எந்த நூல்கள் இன்றியமையாதவை என்பதற்கு 1965இல் முதன்முதலாக வெளியான பிராண்டன்–ஹில் பட்டியல் நெடுங்காலம் அளவுகோலாக இருந்தது. அது நின்றபின் 2004 முதல் டூடி மையநூல் பட்டியல் அவ்விடத்தைப் பெற்றது. 1946இல் தொடங்கப்பட்ட ரிட்டன்அவுசு போன்ற மருத்துவ நூலுக்கே உரிய வழங்குநர்களைப் பொதுக் கல்விசார் வழங்குநருக்குத் துணையாக வைத்துக்கொள்வதும் உண்டு.

வழங்குநர் வீழ்ந்தால்

1974க்குப் பின்னும் இத்தகைய வீழ்ச்சிகள் நிகழ்ந்தன. பருவ இதழ்களுக்கு ஆண்டுச் சந்தா முழுவதும் முன்பணமாகச் செலுத்தப்படுவதால் அத்துறையில் இழப்பு மிகப் பெரிது. ஃபாக்சன் என்ற பழைய முகவர் நிறுவனத்தை வாங்கியிருந்த ரோகாம், 2003 சனவரியில் நொடித்தபோது நூலகங்கள் செலுத்தியிருந்த கோடிக்கணக்கான டாலர் பதிப்பகங்களைச் சென்றடையவில்லை. நெதர்லாந்தில் 1901இல் தொடங்கிய சுவெட்சு 2014 செப்டெம்பரில் நொடித்தது. நூல்களுக்கு வந்தபின் பணம் செலுத்துவதே வழக்கம் என்றாலும், கூடுதல் கழிவுக்கு ஆசைப்பட்டு வைப்புத்தொகை செலுத்தும் நூலகங்களுக்கு இதே இடர் உண்டு. நொடித்த நிறுவனத்தின் கடனாளர் வரிசையில் நூலகம் முன்னிடம் பெறுவதில்லை.

நிறுவனம் நொடிக்காமல் கைமாறினாலும் நூலகத்துக்குத் தொல்லைதான். யாங்கி புக் பெட்லரை 1999இல் பேக்கர் அண்டு டெய்லர் வாங்கியது. அதே குழுமம் 2009இல் பிளாக்வெல்லின் வட அமெரிக்க நூலக வணிகத்தையும் எடுத்துக்கொண்டது. கவுட்சு 2006இல் இங்கிராமிடமும், 2015இல் புரோகுவெசுட்டிடமும் சென்றது. 2015இலேயே எபுசுகோ, யாங்கி புக் பெட்லரை வாங்கியது. இவ்வாறு மூன்று முதன்மைப் போட்டியாளர்கள் இருவராயினர். அவ்விருவரும் தாமே தரவுத்தளங்களும் மின்னூல்களும் விற்கும் நிறுவனங்களின் பிரிவுகளாயினர். எந்த நூலைப் பரிந்துரைப்பது என்பதில் நடுநிலை வேண்டிய இடத்தில், தம் சரக்கு உள்ளவர் அமர்ந்தார் என்பது இதன் மீதான குற்றச்சாட்டு. 1828இல் தோன்றிய பேக்கர் அண்டு டெய்லர், 2025 அக்டோபரில் தன் தொழிலை மூடுவதாக அறிவித்தது.

மின்னூல்கள்

சுபிரிங்கர் 2006இல் தன் நூல்களைத் துறைவாரியாகவும் ஆண்டுவாரியாகவும் கட்டுகளாக்கி மின்வடிவில் நேரடியாக விற்கத் தொடங்கியது. இதனால் பெருந்தொகையான அறிவியல் நூல்கள் வழங்குநரின் கையை விட்டகன்றன. இலாபமுள்ள எளிய நூல்கள் பதிப்பகத்திடமும், இலாபமற்ற அரிய நூல்கள் வழங்குநரிடமும் என்ற பிரிவினை ஏற்பட்டது. கட்டில் வந்துவிட்ட நூலை மீண்டும் அச்சுவடிவில் அனுப்பாமல் தடுக்கும் பொறுப்பும் வழங்குநருக்குச் சேர்ந்தது.

மின்னூலை வாசகர் திறந்து குறிப்பிட்ட அளவு பயன்படுத்தியபின் தானாக வாங்கப்படும் தேவைவழிக் கொள்முதல் முறையும் பரவியது. இதில் வழங்குநரைத் தேர்வது என்பது மேடையைத் தேர்வதும் ஆகிறது. ஒரே நேரத்தில் எத்தனை பேர் படிக்கலாம், அத்தியாயத்தைத் தரவிறக்கலாமா, சமன்பாடுகளும் படங்களும் தெளிவாகத் தெரிகின்றனவா, வேறு நூலகத்துக்கு இரவல் தரலாமா என்பவை அறிவியல் நூலுக்கு உயிரானவை.

புரோகுவெசுட்டை 2021இல் வாங்கிய கிளாரிவேட்டு நிறுவனம், அச்சு நூல்களையும் மின்னூல்களையும் ஒருமுறை பணம் செலுத்தி நிலையாகச் சொந்தமாக்கிக்கொள்ளும் முறையைக் கைவிட்டுச் சந்தா முறைக்கு மாறப்போவதாக 2025 பெப்ரவரியில் அறிவித்தது. நூலகங்கள் கடுமையாக எதிர்த்ததால் ஒருமுறைக் கொள்முதலுக்கான காலக்கெடுவை 2026 சூன் 30 வரை நீட்டித்தது. சந்தா நின்றால் நூலும் போய்விடும் என்பதே எதிர்ப்பின் காரணம். பல ஆண்டுகளாகத் தேவை விவரத்தைச் செதுக்கி அந்நிறுவனத்திடம் ஒப்படைத்திருந்த நூலகங்கள், குறுகிய காலத்தில் வேறிடம் தேட நேர்ந்தது.

இந்தியாவில்

இந்தியக் கல்வி நிறுவனங்களில் அறிவியல் நூல் கொள்முதல் பெரும்பாலும் உள்ளூர் விற்பனையாளர்கள் வழியாக நடைபெறுகிறது. வெளிநாட்டு நூலின் டாலர், பவுண்டு விலையை எந்த வீதத்தில் உரூபாயாக்குவது என்பதே இங்கு நெடுநாள் பூசலாக இருந்து வந்தது. இதற்காக நூல் வெளியீட்டாளர், விற்பனையாளர் சங்கங்களின் கூட்டமைப்பு சார்ந்த குட் ஆபிசசு குழு மாற்று வீதங்களை அறிவித்து வந்தது. பல நூலகங்கள் அவ்வீதத்தையும் பத்து விழுக்காட்டுக் கழிவையும் அளவுகோலாக ஏற்றன. சில வங்கி வீதத்தையே வற்புறுத்தின.

மிகுந்த கழிவு கூறுபவருக்கே ஆணை என்ற முறையில் இங்கு ஒரு தனி ஓட்டை உண்டு. பன்னாட்டுப் பாடநூல்கள் பலவற்றுக்கு இந்தியாவில் மலிவுப் பதிப்பு உண்டு. பிரெண்டிசு ஆல் இந்தியாவின் ஈசுட்டர்ன் எகானமி எடிசன் வரிசை இதற்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு. வெளிநாட்டுப் பதிப்பை முப்பது விழுக்காடு கழிவில் தருபவர், இந்தியப் பதிப்பைப் பத்து விழுக்காட்டில் தருபவரைவிடத் தாளில் மலிவானவராகத் தெரிவார். செலவோ பல மடங்கு. இந்தியப் பதிப்பு இருப்பின் அதையே தர வேண்டும் என்ற விதியும், பதிப்பகத்தின் விலைச் சான்றை பில்லுடன் இணைக்க வேண்டும் என்ற விதியும் கொள்முதல் நிபந்தனைகளில் சேர்க்கப்படுவது இதனால்தான்.

2025 சனவரியில் தொடங்கிய ஒரே நாடு ஒரே சந்தா திட்டம் ஆய்விதழ்களுக்கு உரியது. நூல்கள் அதில் அடங்கா. அவற்றை ஒவ்வொரு நிறுவனமும் தன் நிதியிலிருந்தே, தான் தேர்ந்த வழங்குநரிடம் வாங்கிக்கொள்ள வேண்டும்.